மயான காண்டமும் கல்வெட்டும்: தீவக நாடக வாழ்வு பற்றிய சில அவதானிப்புகள்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மறைந்து முப்பத்தோராம் நாள் நிகழும் கிரியைகளின்போது வழங்கப்படும் நினைவு மலரை மக்கள் இன்றும் ‘கல்வெட்டு’ என்றே அழைப்பர். கல்லிலே பொறிக்கப்படாத ஒன்றுக்கு இப்பெயர் நிலைபெற்றமையே சுவையானது. அரசரும் கோயிலும் பெற்றிருந்த சாசன உரிமையை, அச்சு யந்திரத்தின் வருகையின் பின்னர், காசு செலவிடக்கூடிய குடும்பங்கள் தமக்கும் உரியதாக்கிக்கொண்டன எனலாம். இறந்த நாளின் திதியைக் கூறும் வெண்பா, தேவார திருவாசகங்கள், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல் என அதன் உறுப்புகள் ஏறத்தாழ மாறாதவை. பிரபந்த வகைகளை எண்ணிக் கணக்கிட்ட நமது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் இதனைப் பொருட்படுத்தியதில்லை. ஆயின், ஈழத்தின் வடபுலத்தில் மிகப் பரவலாக எழுதப்பட்டும் வாசிக்கப்பட்டும் வந்துள்ள இலக்கிய வடிவங்களுள் இதுவும் ஒன்று என்பதை மறுத்தல் அரிது.

இக்கட்டுரையின் அக்கறை அம்மலர்களில் வரும் ஒரேயொரு வாக்கியம் பற்றியது. தீவகத்து ஆடவர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு அவற்றில் மூன்று படிகளாக அமைவதைக் காணலாம். முதலிலே குடும்பம்: இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், இத்தனை மக்களின் தந்தை. அடுத்துச் சமூக சேவை: கோவில் பரிபாலன சபை, சனசமூக நிலையம், கூட்டுறவுச் சங்கம், பாடசாலைப் பெற்றோர் சங்கம். ஈற்றிலே, பெரும்பாலும் ஒற்றை வாக்கியத்தில், கலை: இளமையில் நாடகங்களிலும் நடித்துப் பலரது பாராட்டையும் பெற்றவர் என்பது அது. எந்த நாடகம், பழக்கிய அண்ணாவியார் யார், ஆர்மோனியக்காரருக்குப் பணம் கொடுத்தவர் யார், எதிரே நின்று பாடியவர் யார் என்பன கூறப்படுவதில்லை. ஒரு மனிதன் தன் இளமையின் எண்ணற்ற இரவுகளைக் கொடுத்த ஒரு காரியம், அவனது சாவின் பின்னர் ‘நாடகங்களிலும்’ என்ற உம்மையிலே அடங்கிவிடுகிறது.

மண்கும்பானை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைக் கடலைத் தாண்டி, மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் கடந்து வேலணைக்குச் செல்லும் தெருவில் உள்ள ஊர் அது. பெயருக்கேற்ப மணலும் பனையுமான நிலம், வெள்ளைப்புற்றடிப் பிள்ளையார் கோவிலை மையமாகக் கொண்ட சைவக் குடியிருப்பு, கடற்கரையோரம் பள்ளிவாசல். அயலூரான மண்டைதீவிலும் ஊர்காவற்றுறையை அண்டிய கரையோரங்களிலும் கத்தோலிக்கக் கூத்து மரபு. நெல்வயலை நம்பி வாழ இயலாத இத்தீவகக் கிராமங்களின் பொருளாதாரம் வெகுகாலமாகவே கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் இருந்த கடைகளைச் சார்ந்திருந்தது. கடையிலே நின்ற ஆண்களின் பணம் ஊருக்கு வந்தது. ஊரிலே நின்ற பெண்களும் முதியோரும் தோட்டத்தையும் ஆடுமாட்டையும் பிள்ளைகளையும் பார்த்தனர். திருவிழாவுக்கும் தைப்பொங்கலுக்கும் ஊர் திரும்பிய இளைஞர் மேடை ஏறினர்.

இவ்வூர்களின் நாடகம் பற்றிப் பேசுகையில் இவ்வடித்தளத்தை விட்டுவிட்டு ‘கலையார்வம்’ என்று கூறுதல் ஒன்றையும் விளக்காது. வாசிகசாலைக்கு ஓட்டுக்கூரை வேண்டும். பாடசாலைக்கு ஒரு மண்டபம் வேண்டும். அரசு தராதவிடத்து ஊரே தேட வேண்டும். அதற்காகவே நிதியுதவி நாடகம் போடப்பட்டது. நுழைவுச்சீட்டு விற்றவர், கொட்டகை போட்டவர், வாடகைக்குச் சீன் எடுத்து வந்தவர், இராசா வேடம் கட்டியவர் ஆகியோர் பல சமயங்களில் ஒரே ஆட்களே. எனவே கல்வெட்டு தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் சமூக சேவையும் நாடகமும் நடைமுறையில் ஒரே செயலின் இரு முகங்கள். குடும்பமும் அச்செயலுக்கு வெளியே இருந்ததன்று. ஒத்திகைக்கு வந்த பத்துப் பன்னிரண்டு பேருக்கு நடுச்சாமத்தில் தேநீர் வைத்தவள் யார்? வேடத்துக்குச் சேலையும் சங்கிலியும் கொடுத்தவள் யார்? கணவன் மேடையில் நின்ற இரவுகளில் வீட்டைக் காத்தவள் யார்? அந்த உழைப்பின் மேலேதான் ஏனைய இரண்டும் நின்றன. பெண்களுக்கு வெளியிடப்படும் கல்வெட்டுகளில் ‘கணவரின் கலைப்பணிக்கு உறுதுணையாய் நின்றவர்’ என்ற அளவிற்கேனும் ஒரு குறிப்பு வருதல் அரிது.

இத்தகைய கிராமத்து நடிகன் நமது நாடக வரலாற்றின் இரு துருவங்களுக்கு இடையே நிற்பவன். ஒரு துருவத்திலே கலையரசு க. சொர்ணலிங்கம் (1889-1982) இருக்கிறார். பம்மல் சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்டு, 1913இல் கொழும்பில் தோன்றிய இலங்கா சுபோத விலாச சபையின் வழியாக, ஆங்கிலம் கற்ற உத்தியோகத்தருக்கும் நாடகம் இழுக்கன்று என நிலைநாட்டியவர். 1968இல் வெளிவந்த அவரது நூலின் பெயர் ‘ஈழத்தில் நாடகமும் நானும்’. அந்த ‘நானும்’ என்ற சொல் கவனிக்கத்தக்கது. நாடகத்தைத் தன் வாழ்வின் பொருளாக அறிவிக்கும் துணிவும் ஓய்வும் மொழியும் அவருக்கு இருந்தன. மறு துருவத்திலே காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924-1989). வசந்த கான சபாவை நடத்தி, அரிச்சந்திரனாக ஊரூராய்ப் பாடி வாழ்ந்த தொழில்முறைக் கலைஞர். ‘நடிகமணி’ என்பது மக்கள் நாவில் நிலைத்த பெயர். முன்னவரது கலை ஓய்வுநேரத்தின் கௌரவம். பின்னவரது கலை இரவுக் கூலி. இருவருக்கும் வரலாற்றில் இடமுண்டு. கடையிலிருந்து விடுமுறையில் வந்து, வைரமுத்துவின் பாட்டைக் கேட்டுப் பழகி, அதே அரிச்சந்திரனைத் தன்னூர் மேடையில் பாடியவனுக்கு அந்த ஒற்றை வாக்கியமே எஞ்சியது.

அவன் நடித்த நாடகத்தையும் அவனைப் பற்றிய கல்வெட்டையும் அருகருகே வைத்து வாசித்தல் பயனுடையது. மயான காண்டத்தின் கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. சொன்ன சொல் தவறாமைக்காக நாட்டை இழந்து, மனைவியையும் மகனையும் விற்று, தன்னையும் சுடலை காக்கும் வீரவாகுவுக்கு விற்றுக்கொண்ட அரசன். தருப்பை அறுக்கப் போய்ப் பாம்பு தீண்டி இறந்த மகனைச் சுடலைக்குச் சுமந்து வரும் தாய். கால்பணமும் முழத்துண்டும் தராமல் பிணத்தை எரிக்க விடேன் என மறிக்கும் கணவன். கணவன் கண்ணுக்கே புலப்படும் தாலி வழியாக ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் கட்டமே அதன் உச்சம். அறிந்த பின்னரும் அவன் கூலியைக் கேட்கிறான். எசமானுக்குரியதை விட்டுக்கொடுக்கத் தனக்கு உரிமை இல்லை என்பது அவன் வாதம்.

நிலவுடைமைச் சமூகத்தின் ஒழுக்கவியல் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் வெளிப்பட்டதில்லை எனத் தோன்றுகிறது. இங்கு ‘சத்தியம்’ என்பது அடிமை தன் உடைமையாளனுக்குக் காட்டும் விசுவாசம்தான். ஆயின் அத்தோடு நின்றுவிட்டால் ஊரவர் விடியவிடிய அமர்ந்து அழுததற்கு விளக்கம் கிடையாது. சபையின் கண்ணீர் அரிச்சந்திரனின் சத்தியத்துக்காகச் சிந்தியதன்று. சந்திரமதியின் புலம்பலுக்காகவே சிந்தியது. எரிக்கக் காசில்லாத சாவு அச்சபைக்குப் பழங்கதையன்று. மேலும், முடிதரித்தவன் சுடலைத் தொழிலாளிக்குக் கீழ்ப்பட்டு நிற்கும் காட்சி, சாதிப்படியில் தாழ்த்தப்பட்டோரும் ஒருபுறம் அமர்ந்து பார்த்த அரங்கில், யாரும் எழுதிவைக்காத ஓர் அர்த்தத்தைப் பெற்றிருக்கவே வேண்டும். இறுதியில் தெய்வம் தோன்றி யாவற்றையும் பழைய ஒழுங்கிற்கு மீட்டுவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் இரவின் பெரும்பகுதி, ஒழுங்கு தலைகீழாய்க் கிடந்த நேரத்திலேயே கழிந்தது.

இப்போது கல்வெட்டுக்கு வருவோம். குடும்பத்தை விற்றவனாக நடித்துப் பெயர்பெற்றவர், தன் மலரிலே குடும்பத்துக்காகவே வாழ்ந்தவராகப் போற்றப்படுகிறார். இதனை வெறும் முரண்நகையாக ஒதுக்க முடியாது. மேடையின் அரிச்சந்திரனும் மலரின் குடும்பத்தலைவரும் ஒரு புள்ளியிலே ஒத்தவர்கள். இருவரது தியாகமும் எடுத்துரைக்கப்படுகிறது. அத்தியாகத்தின் விலையைக் கொடுத்தவள் புலம்ப மட்டுமே அனுமதிக்கப்படுகிறாள். அப்புலம்பலும் அவளுடையதன்று. ‘மனைவி புலம்பல்’ என்ற தலைப்பின்கீழ் வரும் விருத்தத்தைப் பெரும்பாலும் ஊர்ப் பண்டிதரோ ஆசிரியரோ கேட்டுக்கொண்டதற்கிணங்க யாத்துக் கொடுத்திருப்பார். சந்திரமதியின் புலம்பலைப் பாடியவரும் நெடுங்காலமாக ஆடவரே. ஸ்திரீபார்ட் என்ற பெயரே அதற்குச் சான்று. மேடையிலும் மலரிலும் பெண்ணின் துயரம் ஆணின் குரலிலேயே ஒலித்தது. இதற்கிடையே, செத்தவீட்டிலே பிணத்தைச் சுற்றியிருந்து பெண்கள் தாமே கட்டிப் பாடிய ஒப்பாரி, அச்சேறாமலே காற்றோடு போயிற்று. அதில் வசையும் இருந்தது, கடன்கணக்கும் இருந்தது, மாமியார் செய்த கொடுமையும் இருந்தது. அச்சேறிய புலம்பலிலோ நல்லறம் மட்டுமே உண்டு.

நன்றி நவிலல் பக்கத்தையும் இந்நோக்கிலே வாசிக்கலாம். நேரில் வந்தோர், தொலைபேசியில் அனுதாபம் தெரிவித்தோர், மலர்வளையம் வைத்தோர் யாவரும் குறிக்கப்படுவர். பறை முழக்கியவரும் வெள்ளை கட்டியவரும் விறகடுக்கியவரும் ‘பல வழிகளிலும் உதவியோர்’ என்பதற்குள் அடங்குவர். மயான காண்டம் சுடலைத் தொழிலுக்கு ஒரு பெயரும் ஒரு பாத்திரமும் கொடுத்தது. அதனை நடித்தவரின் கல்வெட்டு அதுவும் கொடுக்கவில்லை.

‘சமூக சேவை’ என்ற தொடரில் சமூகம் என்பது யாரைக் குறித்தது என்ற வினா இங்கே எழுகிறது. இதற்குத் தீவகமே விடை தந்திருக்கிறது. வேலணைக்கு அப்பாலுள்ள புங்குடுதீவிலே 1971இல் ஒடுக்கப்பட்ட மக்களும் நன்னீர்க் கிணற்றில் அள்ள வேண்டும் எனப் போராடிய எழுத்தாளரும் ஆசிரியருமான மு. தளையசிங்கம் பொலிஸாரின் தாக்குதலுக்கு உள்ளானார். 1973இல், நாற்பது வயதை எட்டுமுன்பே மறைந்தார். உவர்நீர் சூழ்ந்த தீவில் நல்ல தண்ணீர் என்பது உயிரின் விலை. சாட்டி மணலின் நன்னீரைப் பற்றித் தீவக மக்கள் பேசும்போது குரலிலே ஒரு மரியாதை வருவது அதனால்தான். தளையசிங்கம் மார்க்ஸியரின் நண்பரல்லர். ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’யிலே முற்போக்கு விமர்சகரை அவர் தாக்கியதும், நமது தரப்பு அவரது ஆன்மிகத்தைக் கடுமையாக மறுத்ததும் அறிந்ததே. அவரது மெய்யியல் பற்றிய மறுப்பை இக்கட்டுரையாளர் இன்றும் ஏற்பவர். எனினும், கிணற்றடியிலே நின்றவர் அவர் என்பதை நமது விமர்சனம் உரிய அழுத்தத்தோடு கூறவில்லை என்பதும் ஒப்புக்கொள்ளப்பட வேண்டியதே. ஊரின் சனசமூக நிலையத் தலைவரும் தளையசிங்கமும் ஒரே தொடரால், சமூக சேவையாளர் என்று, குறிக்கப்படும்போது அத்தொடர் எதை மறைக்கிறது என்பது விளங்கும்.

அதே காலத்தில் அரங்கும் இவ்வினாவை எதிர்கொண்டது. 1968இல் நிகழ்ந்த மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் பின்னணியில், என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’யை அம்பலத்தாடிகள் கூத்துருவில் மேடையேற்றினர். மரபு வடிவம் மரபுக்கு எதிராகப் பேசக்கூடும் என்பதற்கு அது சான்றாயிற்று. இதற்கு முன்பே, எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ (1956) சிங்கள அரங்கில் ஏற்படுத்திய எழுச்சியை அடுத்து, பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1965), ‘வாலி வதை’ (1968) ஆகியவற்றை மேடையேற்றிக் கூத்துக்குப் புதுவாழ்வு தந்தார். 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியும், 1985இன் ‘மண் சுமந்த மேனிய’ரும் அடுத்த கட்டம். இவை பற்றி வேண்டிய அளவு எழுதப்பட்டுள்ளமையால் இங்கே நீட்டவில்லை.

ஆனால் இந்த வரலாற்றுச் சட்டகமே ஒன்றை வெளியே தள்ளியது. கூத்து எனின் தூய மரபு, ஆய்வுக்குரியது. நவீன நாடகம் எனின் கலையுணர்வு மிக்கது, விமர்சனத்துக்குரியது. இரண்டுக்கும் நடுவே, பார்சி நாடகத்தின் சீனும், இசை நாடகத்தின் பாட்டும், திராவிட இயக்கத்தின் அடுக்குமொழி வசனமும், சினிமாவின் கதையும் கலந்து, பாடசாலைக் கட்டட நிதிக்காகத் தகரக் கொட்டகையில் ஆடப்பட்ட நாடகம் யாருக்கும் உரியதன்றாயிற்று. பண்டிதர் அதனைக் கொச்சை என்றனர். முற்போக்காளராகிய நாம் அதனை ஜனரஞ்சகம் என்றோம். சொற்கள் வேறு, விளைவு ஒன்று. மக்கள் கலை பற்றி மிகுதியாகப் பேசியவர்களே மக்கள் உண்மையில் தம் கைக்காசு போட்டு ஆடியதைப் பதிவுசெய்யாது விட்டோம்.

இவ்விடத்தில் ஓர் அயல்நாட்டு ஒப்புமை பொருத்தமானது. கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்தவர்கள் என்பதை வாசகர் அறிவர். ‘ஈஸ்கிலசும் ஏதென்சும்’ (1941) என்ற நூலின் ஆசிரியராகவே அவரை நாம் கொண்டாடுகிறோம். அத்தொம்சனுக்கு ஒரு தீவும் இருந்தது. அயர்லாந்தின் மேற்கோரத்திலுள்ள பிளாஸ்கற் என்னும் மீனவர் தீவுக்குச் சென்று, அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்களோடு பழகியவர் அவர். அத்தீவின் இளைஞனான மொரிஸ் ஓ சலிவனைத் தன் இளமை வரலாற்றை எழுதும்படி ஊக்கி, 1933இல் அது ஐரிஷ் மொழியில் வெளிவரவும், ஆங்கிலத்தில் பெயர்க்கப்படவும் காரணராயிருந்தார். 1953இல் எஞ்சிய மக்களும் தீவை விட்டு அகற்றப்பட்டனர், எழுத்து எஞ்சியது. தொம்சனிடமிருந்து கிரேக்க அவலநாடகத்தின் சமூகவியலை நாம் கற்றோம். தீவுக்குப் போய் ஒருவனிடம் ‘உன் கதையை எழுது’ என்று கேட்கும் பழக்கத்தைக் கற்கவில்லை. பண்ணைப் பாலத்துக்கு அப்பால் உள்ள ஊருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் போயிருக்கலாம்.

கேட்கத் தவறியதன் விலை பின்னரே தெரிந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1983 ஜூலையில் தென்னிலங்கைக் கடைகள் எரிந்தபோது தீவகத்து மேடைகளைத் தாங்கிய பொருளாதாரமும் எரிந்தது. 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றிய நடவடிக்கையின்போது மக்கள் இடம்பெயர்ந்தனர். மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் பகுதிகளில் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் திரும்பவேயில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மண்கும்பான் பள்ளிவாசலைச் சுற்றி வாழ்ந்தோரின் நினைவு, ஊர் பற்றிய சைவக் கல்வெட்டுகளின் ‘எம்மூர்’ என்ற சொல்லுக்குள் எங்கே வருகிறது என்று தேடுபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஒத்திகைப் பிரதிகளும் கையெழுத்துக் கொப்பிகளும் கூரை இழந்த வீடுகளில் மழையில் நனைந்து போயின.

எஞ்சியது கல்வெட்டுத்தான். ஒரே மலரின் பல பிரதிகள் பல வீடுகளுக்குச் சென்றிருந்தமையாலும், உறவினர் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் இலண்டனுக்கும் பெட்டியில் எடுத்துச் சென்றமையாலும் அது தப்பியது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தில் நினைவு வெளியீடுகள் இன்று வாசிக்கக் கிடைக்கின்றன. இவ்வடிவத்தின் கருத்தியலை மேலே கடுமையாகவே குறைகூறினோம். எனினும் தீவக நாடகத்தைப் பற்றி ஆராயப் புகுபவர்க்கு வேறு ஏடு அதிகமில்லை. அதன் வம்சாவளிப் பக்கத்தைக் கொண்டு யார் யாருக்கு மைத்துனன் என அறிந்து, ஒரு நாடகக் குழுவின் உறவுமுறையையும் சாதி எல்லையையும் ஓரளவு மீளக் கட்டலாம். தொழில் பற்றிய குறிப்பிலிருந்து பணம் வந்த வழியை அறியலாம். திருமண ஆண்டிலிருந்து மேடையை விட்ட ஆண்டை ஊகிக்கலாம். கல்வெட்டு எழுதப்பட்ட நோக்கத்துக்கு மாறாகவே அதனை வாசிக்க வேண்டியிருக்கிறது.

சில மலர்களின் நடுப்பக்கத்தில் ஒரு புகைப்படம் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படம், அட்டைக் கிரீடம், முகத்தில் அரிதாரம், பின்னால் அரண்மனைச் சீன். கீழே ‘அப்பா நாடகத்தில்’ என அச்சிட்டிருப்பர். அருகிலே சேலையுடுத்து, தலைகுனிந்து, சந்திரமதியாக நிற்கும் ஆடவரின் பெயர் தரப்படுவதில்லை. அவருடைய வீட்டிலும் ஒரு கல்வெட்டு வெளியிட்டிருப்பார்களா, அவர்களிடம் அதற்குக் காசு இருந்ததா என்பதை அறிய முதலில் அந்தப் பெயரைக் கேட்டறிய வேண்டும். அன்று மேடைக்கு முன்னால் மணலில் இருந்து பார்த்தவர்களில் சிலர், எண்பது வயதைத் தாண்டியவர்களாக, இன்னும் இருக்கிறார்கள்.